தலைமைப் புஸ்தகத்தில் ஒரு குடல் படம்

...அதனாலதான் சொல்றேன் சார், புஸ்தகம் எடுக்க வந்தீங்களா, எடுங்க. படிங்க, சிரிங்க, அழுங்க, திருப்பிக் கொண்டாந்து குடுங்க. அதுல போட்டிருக்கறபடி மட்டும் நடந்துறாதீங்க! நடந்து தொலைச்சாங்க சார் இந்த ஊர்ல... நாலே நாலு புஸ்தகம். அதை வச்சுக்கிட்டு என் மெம்பர்ங்க பண்ணின கூத்து இருக்கே, அய்யய்யய்ய...

உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? அந்த ஸ்டூல் மேல இருக்கற பசைச் சட்டியை ஸ்வல்ப நகத்திட்டு உக்காருங்க. கை வச்சுடாதீங்க, துத்தம் கலந்திருக்கு, பூச்சி அரிக்காம இருக்கறதுக்கு. ஆமா சார், பைண்டிங் கடைதான். லைப்ரரியும் இதேதான். முன்னாடி ரெண்டு அலமாரி லைப்ரரி, பின்னாடி கட்டிங் மிஷின். போர்டு எங்கன்னு தேடினீங்களா? இருந்துச்சு. தமிழ் எழுத்து போட்ட போர்டு. தொண்ணூத்தொண்ணு டிசம்பர்ல, காவேரி கலாட்டால தமிழ்க் கடையை எல்லாம் அடிச்சாங்கல்ல, அப்ப கழட்டி உள்ள வச்சேன், இப்ப தொண்ணூத்தாறு, இன்னும் உள்ளதான் கெடக்கு. அது மேல வச்சுத்தான் அட்டை வெட்டறேன். நல்ல பலகை சார், தேக்கு.

மைசூருக்கு மாத்தலாகி வந்திருக்கீங்களா? பேங்க்கா? சொந்த ஊரு? திருநெல்வேலியா! அப்ப தமிழ் தண்ணி மாதிரி படிப்பீங்க. ம்ம்... நல்லது. ரொம்ப நல்லது சார். இங்க பொறந்த நம்ம ஜனத்துக்கு வாயிலதான் தமிழ். ஸ்கூல்ல எல்லாம் கன்னடா. ஒரு பக்கம் படிடான்னா எழுத்துக் கூட்டறதுக்குள்ள விடிஞ்சுரும்.

எங்க விட்டேன்? ஆங்... நாலு புஸ்தகம். ஒரே கம்பெனி போட்ட செட்டு, ஒரே சைஸு, ஒரே பேப்பரு. நான்தான் கலர் கலரா காலிகோ துணி போட்டுக் கட்டினேன். பச்சை வந்து உடம்பு. மஞ்சள் பணம். நீலம் சரித்திரம். சிவப்பு தலைமை. நாலு பேரை நடத்திக்கிட்டுப் போறது எப்படின்னு. மத்த மூணும் அலமாரில இருக்கு பாருங்க. சிவப்பு இதோ மேஜை மேல பிரிஞ்சு கெடக்கு. படிச்சுப் படிச்சே முதுகை உடைச்சுட்டான் ஒரு மகானுபாவன். அவன்கிட்ட அப்புறம் வரேன். அவன்தான் சார் என் வயித்தெரிச்சலு.

மொதல்ல பச்சையைக் கேளுங்க. குமுதவல்லி மாமின்னு, அக்ரஹாரத்துல இருக்காங்க. முழங்கால் வலி. உடம்பு புஸ்தகம் எடுத்துட்டுப் போனாங்க. மொதல் பாடம், காலைல நடக்கணும். சரி. ரெண்டாவது பாடத்துல என்ன போட்டிருக்காம்? 'பெரிய வேலையை நீங்களே செய்யாதீங்க, கீழ இருக்கறவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு சாயங்காலம் ரிப்போர்ட் கேளுங்க'. உடனே மாமி என்ன பண்ணினாங்க தெரியுமா? நாட்டுப்பொண்ணு ஸ்மிதாவை குக்கரஹள்ளி ஏரிக்கு இழுத்துட்டுப் போயி, நீ நடடீம்மான்னுட்டாங்க! அவ நாலு சுத்து சுத்தறா, மாமி பெஞ்சுல உக்காந்து நோட்டுல டிக் அடிக்கறாங்க. மூணு மாசம்! அந்தப் பொண்ணு எட்டு கிலோ இளைச்சுது. மாமி, வலி கொறஞ்சுதான்னு கேட்டேன். 'வலி அப்படியேதான் இருக்கு வேலாயுதம், ஆனா மனசுக்கு ரொம்ப திருப்தியா இருக்கு'ங்கறாங்க!

சிரிக்காதீங்க சார், இன்னும் இருக்கு. மாமி ஆத்துக்காரர் ஆழ்வார் சார். ட்யூட்டோரியல்ல சரித்திரம் எடுக்கறாரு. நீலத்தை அவரு எடுத்துட்டுப் போனாரு. அவ்ளோ பெரிய படிப்பாளி... கிளாஸ்ல என்ன சொல்லியிருக்காரு? 'பேரரசர் படையெடுத்துப் போறதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் மாசாமாசம் தபால் ஆபீஸ்ல பணம் போட்டுக்கிட்டு வந்தார்'னு! ஒரு பய எந்திரிச்சு, சார் அப்ப தபால் ஆபீஸ் ஏதுன்னு கேக்கணுமா வேண்டாமா? முப்பது பேரும் எழுதிக்கிட்டாங்க. பரீட்சைலயும் எழுதினாங்க. திருத்தினவரு மார்க்கும் போட்டிருக்காரு!

மஞ்சள்... மஞ்சளை மெஸ் பாப்பம்மாள் எடுத்துட்டுப் போச்சு. அதுக்கு எழுத்தே தெரியாது, மக சோனியா படிச்சுக் காட்டுவா. 'சேத்ததைக் காப்பாத்த சுத்தி அகழி வெட்டு, பாலத்தை உன் கைல வச்சுக்கோ'. அவ்ளோதான். மறுநாள் மெஸ் வாசல்ல முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்! மேல ஒரு பலகை. சாப்ட்டுட்டுக் காசு குடுத்தாத்தான் பலகையைப் போடும். யாரோ கம்ப்ளெயின்ட் குடுத்து முனிசிபாலிட்டிலேர்ந்து வந்து மூடச் சொல்லிட்டாங்க. அது வரைக்கும் ஏவாரம் நல்லாத்தான் நடந்துச்சாம், அது வேற விஷயம்.

இதெல்லாம் போகட்டும் சார். தமாஷுன்னு விட்டுடலாம். இந்தச் சிவப்பு இருக்கே...

சேகரன். சேகரன் மேஸ்திரின்னா லஷ்கர் மொகல்லால எல்லாருக்கும் தெரியும். கொள்ளேகால் பக்கத்து ஆளு. நஞ்சன்கூடுல ஃபேக்டரி ஷெட்டுங்க கட்டறாங்கல்ல, அங்க காண்ட்ராக்ட். முப்பது ஆளு வச்சிருந்தான். தங்கமான மனுஷன். ஆளுங்களோட உக்காந்து ஒரே தட்டுல ராகி முத்தே தின்னவன். அவனுக்கு நான்தான் சார்... என் வாயில சனி... 'மேஸ்திரி, தலைமைன்னு ஒரு புஸ்தகம், எல்லாரும் ஆஹா ஓஹோன்றாங்க'ன்னு எடுத்துக் குடுத்தேன்.

மொதல் வாரம் நல்லாத்தான் இருந்தான். ஆளுங்களை எல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடணுமாம், விஷ் பண்ணணுமாம். பண்ணினான். ரெண்டாவது வாரம், 'வாரத்துல ஒரு நாள் உள்ள ஒண்ணும் தள்ளக்கூடாது, காலியா வைக்கணும்'னு புதங்கெழமை சிமெண்ட் வண்டியை நிறுத்திட்டான். சைட்டுல எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மூணாவது வாரம்... கேளுங்க சார்... 'நாள்பட்டுத் தங்கினதெல்லாம் விஷம். ஒரே நாள்ல மொத்தமா வெளியேத்து. அப்பத்தான் புது ரத்தம் ஊறும்'னு போட்டிருக்காம். எட்டு வருஷத்துக்கு மேல அவன்கிட்ட இருந்த பதினோரு பேரையும் காலைல வரிசையா நிக்க வச்சு, போயிட்டு வாங்கன்னுட்டான்! அன்னிக்கு வெந்நீர் நெறைய குடிக்கணும்னு அதுல இருக்காம். ஆளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் குடுத்து அனுப்பிச்சான் சார். டீ கூட இல்ல. வெந்நீர்!

அந்தப் பதினொண்ணுல ஒருத்தன் என் மாப்ளை. சுரேந்தர். ஒம்போது வருஷம் அவன்கிட்ட இருந்தான். தூக்குக்குண்டு போடாம கண்ணால பாத்தே செவுரு சாஞ்சிருக்குன்னு சொல்லுவான், அப்படி ஒரு கொத்தனாரு. எனக்கு ஒரே பொண்ணு சார், ரூபா. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. பேத்தி இப்பதான் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நடக்கறா. தெனம் சாயங்காலம் இங்க கூட்டிட்டு வருவா, இந்தக் காலிகோ துண்டெல்லாம் எடுத்து வாயில வச்சுக்கும்... மூட்டை கட்டிட்டாங்க சார். இன்னிக்கு ஆறரை பஸ். சாமராஜநகர், சத்தியமங்கலம் வழியா திருப்பூர். பனியன் கம்பெனில யாரோ வேலை வாங்கித் தரேன்னாங்களாம். கொத்தனாருக்குப் பனியன்ல என்ன சார் வேலை? கேட்டா, ஏதோ ஒண்ணு மாமாங்கறான். என் சம்சாரம் பஞ்சவர்ணம் காலைலேர்ந்து அடுப்பே மூட்டல. எனக்கும் பயமா இருக்கு சார். அந்தக் கொழந்தை என்னை மறந்துரும்.

போய்ப் பேசலையான்னு கேக்கறீங்க. பேசாம இருப்பனா? கால்ல விழாத கொறைதான். என்ன சொல்றான்? 'எனக்கு மட்டும் வருத்தமில்லீங்களாண்ணா? ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க. ஆனா புஸ்தகத்துல போட்டிருக்குதுங்களே!' வாங்கின அடிக்கு மேல இன்னொரு அடி, புஸ்தகத்தைப் பிரிச்சு ஒரு படத்தைக் காட்டறான். வளைஞ்சு வளைஞ்சு போவுது. 'இதுதானுங்ண்ணா நம்ம கம்பெனி. மேல வாய், அது நானு. நடுவுல சூப்பர்வைசருங்க. கடைசில அடைச்சுக்கிட்டு நிக்கறது பழைய ஆளுங்க'. நானும் மண்டையை ஆட்டிட்டு வந்துட்டேன். அவன் தூரத்துல வச்சுக் காட்டினான், எனக்குக் கண்ணாடி இல்ல.

நேத்து சாயங்காலம் வந்து, முதுகு விட்டுப்போச்சுங்ண்ணா, தைச்சு வைங்க, நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்னு இதைக் குடுத்துட்டுப் போனான். இன்னிக்குக் காலைல நூலைப் பிரிச்சேன். இந்தப் படம் எதிர்ல வந்துச்சு. பாருங்க. என்ன இது? சொல்லுங்க சார், என்ன இது? குடல்! மனுஷனோட குடலு! தலைமைப் புஸ்தகத்துல குடலுக்கு என்ன சார் ஜோலி?

அச்சாபீஸ்காரன் தப்புதான், வேற என்ன? ஒழுங்கா அச்சடிக்கத் தெரியல, கெளம்பிடறானுங்க... என்னது? மத்த புஸ்தகமும் பாக்கணுமா? ம்... பாருங்க. பச்சையை எடுத்துப் பாருங்க. ஆமா, குடல் இருக்க வேண்டிய எடத்துல வேற என்னமோ இருக்கும். இருக்கா?

சரி. மழை சார். போன ஆடி மாசம் கூரை ஒழுகி நாலு புஸ்தகமும் அடிப்பக்கம் ஊறிப்போச்சு. தூக்கிப் போட மனசு வரல. பிரிச்சுக் காய வச்சேன். பதினாறு பக்கம் சேர்ந்தா ஒரு பாரம், பாரம் பாரமாத்தான் தைக்கறது. கொடில வரிசையா க்ளிப்பு போட்டுத் தொங்க விட்டிருந்தேன். பஞ்சவர்ணம் உள்ள வந்து ஃபேனைப் போட்டா! யாரு போடச் சொன்னது அவளை? எல்லாம் பறந்து கலந்து ஒண்ணாக் குமிஞ்சு போச்சு. கேட்டா, சீக்கிரம் காயட்டும்னு போட்டேன்றா. அவளை என்ன பண்றது சொல்லுங்க?

பக்க நம்பரா? இருந்திருந்தா நான் ஏன் தப்பு பண்றேன்? நம்பரு அடிலதான இருந்துச்சு. அடிப்பக்கம் அழுகி நைஞ்சு போயிருந்துதே, ஒரு வெட்டு வெட்டிட்டேன். கச்சிதமா வெட்டினேன் சார், ஒரு பிசிறு இல்ல.

...ஆமா. படிச்சுப் பாத்து அடுக்கியிருக்கலாம்தான். ரெண்டு வரி படிச்சாத் தெரிஞ்சிரும்தான்.

அந்தக் கதவை ஸ்வல்ப சாத்திட்டு வாங்க சார்.

எனக்குப் படிக்க வராது சார். தமிழ் படிக்க வராது. கன்னடா படிப்பேன், பேப்பர் மொத்தமும் படிப்பேன். தமிழ் எழுத்துல 'அ' தெரியும், 'ம' தெரியும், அது ரெண்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அப்பா இங்க வந்து பைண்டிங் வேலைல உக்காந்தாரு, நான் இங்க கன்னடா ஸ்கூல்ல அஞ்சாவது. இந்த லைப்ரரி என்னுதே இல்ல. பக்கத்துல ஒரு திருச்சிக்காரரு நடத்தினாரு, ஊரைக் காலி பண்ணிட்டுப் போறப்ப, வேலாயுதம் நீ பாத்துக்கன்னுட்டுப் போனாரு. பதினாலு வருஷமாச்சு. அதுக்குத்தான் கலரு. பச்சை உடம்பு, மஞ்சள் பணம். ஒருத்தர் படிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னா, அதையே அடுத்தவர்கிட்ட சொல்லுவேன். எல்லாரும் என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்க தெரியுமா? வேலாயுதம் படிக்காத புஸ்தகமே இல்லன்னு! தமிழ்ச் சங்கத்துல கூப்ட்டு சால்வை போட்டாங்க சார் எனக்கு. போன பொங்கலுக்கு. அன்னிக்கு அடுக்கறப்ப தெருவுல போற யாரையாவது கூப்ட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வாய் வரல. சால்வை போட்ட ஆளு போயி, இது குடலா தலைமையான்னு எப்படிக் கேக்கறது? கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்துக்குத்தான் என் பொண்ணு ஊரை விட்டுப் போறா. மாமி, ஆழ்வாரு, பாப்பம்மாள் எல்லாரையும் திட்டினேன்ல... என்னைத்தான் திட்டணும். அவங்க பாவம், அச்சுல இருந்ததைச் செஞ்சாங்க.

மணி என்ன? நாலேகாலா. சார், கையெடுத்துக் கும்பிடறேன், ஒரே ஒரு ஒத்தாசை. பச்சைக்குள்ள அந்தத் தலைமைப் பாரம் இருக்குல்ல, அதை எடுத்து சிவப்புல சரியா வச்சுத் தைச்சுடறேன். சேகரன் சரியான பக்கத்தைப் படிச்சான்னா, அடடா தப்புப் பண்ணிட்டமேன்னு சுரேந்தரைக் கூப்பிட்டுக்குவான். கூப்பிட்டே தீருவான். இந்தாங்க கத்தரி, நூலை நானே வெட்டறேன்... ஆச்சு. படிங்க. ஆளுங்களைப் பத்தி அதுல என்ன போட்டிருக்கு?

...என்ன சார் நிறுத்திட்டீங்க? சத்தமாப் படிங்க.

'பத்துப் பேருக்கு மூணு பேரை வருஷாவருஷம் மாத்து. பழகின முகம் சோம்பல் முகம். நன்றிங்கறது நிர்வாகத்துக்கு ஆகாது.' ...இது நிஜமாவே தலைமைப் பக்கம்தானா? நல்லாப் பாருங்க சார்! அடப்பாவி! அப்ப குடலே தேவலாம் போலருக்கே! குடலாவது வெந்நீர் குடுக்கச் சொல்லுச்சு, இவன் அதுகூடச் சொல்லலியே! இதைத் தைச்சுக் குடுத்தேன்னா மிச்சம் இருக்கற பத்தொம்போது பேருக்கும் சேத்து ஆப்பு வைப்பான்.

நேரா உண்மையைச் சொல்லிடலாம்னு சொல்றீங்க. எனக்கு இப்ப மானம் அவமானம் ஒண்ணும் இல்ல சார், சொல்லிடறேன். 'மேஸ்திரி, தப்பாத் தைச்சுட்டேன்'. சரிங்ண்ணா, சரியான பக்கம் எங்கன்னு கேப்பான். இதைக் குடுக்கறதா? நான் வாயால சொன்னா, பொண்ணுக்காகக் கெஞ்சறாருன்னு நெனப்பான். நேத்துக் கெஞ்சினேனே, கேட்டானா? அவனுக்கு மனுஷன் சொன்னா ஏறாது. அச்சுல இருக்கணும்.

அச்சுல... சார், அந்த நாலு புஸ்தகத்துலயும் தேடுங்க. பழசை வச்சுக்கோன்னு எவனாவது ஒருத்தன் எங்கயாவது எழுதியிருக்கானா? நீலத்துல? ...ராஜா மந்திரியைக் கழுவுல ஏத்தினானா, வேண்டாம் வேண்டாம். மஞ்சள்ல? ...பழைய பண்டத்தை வித்துடணுமா. நாசமாப் போக. இவ்ளோ பேரு உக்காந்து இவ்ளோ பக்கம் எழுதியிருக்கான், ஒருத்தனுக்குக் கூடவா கூட இருக்கறவனை வச்சுக்கத் தோணல? பச்சைல கடைசியா ஒரு பாரம் இருக்கு பாருங்க, பல்லு படம் போட்டிருக்கும். அதையும் பாத்துடுங்க.

...திருப்பிச் சொல்லுங்க சார். மெதுவா.

'ஆடுகிறதென்று பல்லைப் பிடுங்காதீர்கள். இத்தனை வருஷம் உங்களுக்காகக் கடித்த பல்லுக்கு ஈடாக எந்தக் கட்டின பல்லும் வராது. ஒன்றைப் பிடுங்கினால் பக்கத்துப் பல்லெல்லாம் சாயத் தொடங்கும். தவறி விழுந்த பல்லையும் தாமதிக்காமல் அதே குழியில் வைத்து அழுத்தினால் மறுபடி வேர் பிடிக்கும்.'

சார்... கடவுள் மாதிரி வந்தீங்க சார் நீங்க. எழுதினவன் நல்லா இருக்கணும். குடலைக் கம்பெனின்னு படிச்சவன், பல்லை ஆளுன்னு படிக்க மாட்டானா? நல்லாப் படிப்பான்! குடலை எடு, அந்த மூணு பேரை மாத்துங்கற பாவியையும் எடு, பல்லை வை நடுவுல. தப்பா? ஒரு எழுத்து மாத்தினேனா சார் நான்? எல்லாம் அவங்க அச்சடிச்சதுதான். மொதல்ல தெரியாம தைச்சேன், இப்பத் தெரிஞ்சு தைக்கறேன், அவ்ளோதான் வித்தியாசம். இந்த நூலை இப்படி இழுத்துப் புடிங்க... விட்டுடாதீங்க... ஆச்சு... இன்னும் ஒரு முடிச்சு. பசை ஸ்வல்ப ஈரமாத்தான் இருக்கும், பரவால்ல. செங்கல்லை மேல வைங்க. அந்தப் பக்கத்துல ஒரு துண்டுப் பேப்பர் சொருகிடுங்க, எடுத்தவுடனே அங்கதான் தொறக்கணும்.

மொபெட் சத்தம் கேக்குதா? அவன்தான். கதவைத் தொறந்துடுங்க சார். மூஞ்சியைச் சாதாரணமா வச்சுக்குங்க.

வாங்க மேஸ்திரி, வாங்க வாங்க! கரெக்டா அஞ்சு மணி. ஆய்து, ஆச்சு, உங்க புஸ்தகம் ரெடி, பாத்துப் பிரிங்க, ஈரம். இவரு நம்ம புது மெம்பரு, திருநெல்வேலி, பேங்க்ல ஆபீசரு. தமிழைக் கரைச்சுக் குடிச்சவரு. அதைத்தான் இவ்ளோ நேரம் படிச்சுக்கிட்டிருந்தாரு. இந்தப் புஸ்தகத்துலயே ரொம்ப ஒசத்தியான பாடம் எதுன்னு கேட்டேன், ஒரு பக்கத்தைக் காட்டினாரு பாருங்க... இல்ல மேஸ்திரி, நான் சொல்ல மாட்டேன். நான் படிச்சதில்ல. நெசமாத்தான். எனக்குப் படிக்க வராது மேஸ்திரி... அதை அப்புறம் சொல்றேன், உக்காந்து சொல்றேன், இப்ப நேரமில்ல, ஆறரைக்கு பஸ். சார், வந்ததுலேர்ந்து உங்களை ஒரு வார்த்தை பேச விடல நான். நீங்க சொல்லுங்க. சொல்லுங்க சார்.